மஞ்சளாகாத நீலம்

இந்தப் பக்கமா உக்காரு தாயி. அந்தப் பக்கம் வேணாம். இடது காது எனக்கு மந்தம், நீ பேசுறது பாதிதான் விழும். பிள்ளைய மடியில படுக்கப் போட்டுக்க. டாக்டர் வர எப்படியும் பத்தரை ஆயிரும். இங்க அவசரப்பட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல.

எங்க, காட்டு. முதுகுலயா? ஓ, செவப்பு. புடைச்சாப்ல இருக்கு. பொறக்கும்போதே இருந்துச்சா, இல்ல பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு வந்துச்சா? கழிச்சுத்தான் வந்துச்சா? அப்ப பயப்படாத. இது கொஞ்ச நாளைக்கு வளரும், அப்புறம் தானா அமுங்கும். வேகமா வளந்துச்சுன்னா மருந்து குடுப்பாங்க, நெஞ்சுத் துடிப்பெல்லாம் பாத்துட்டுத்தான் குடுப்பாங்க. பொறக்கையிலயே தட்டையா, திராட்சைச் சாறு கொட்டுனாப்ல இருந்தா அது வேற, அதுக்கு லேசர். கருப்பா, முடி மொளச்சு, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தா அது இன்னொண்ணு. அத வருசா வருசம் கொண்டாந்து காட்டணும், சிலத அறுத்தே எடுத்திருவாங்க. எதுக்கும் டாக்டர் வாயால கேட்டுக்க. நான் என்னத்தப் படிச்சேன்? ஒன்றரை வருசமா வியாழக்கிழமை வியாழக்கிழமை இந்த பெஞ்சுல உக்காந்து உக்காந்து தெரிஞ்சுகிட்டதுதான்.

எனக்கா? எனக்கு ஒண்ணுமில்ல. சீட்டு எழுதுற எடத்துல அரிப்புன்னு சொல்லுவேன். அவங்களும் எழுதிக்குவாங்க. உள்ள போனா ஒரு களிம்பு தருவாங்க. வீட்ல பதினேழு களிம்பு கிடக்கு.

நான் வர்றது ஒரு பொண்ணப் பாக்க. மேகலான்னு பேரு. சொந்தமில்ல. எனக்கு திண்டுக்கல்லு, ஹவுசிங் போர்டு வீடு, ரெண்டாவது மாடி. எதிர் வீட்டுக்கு வந்தா. கல்யாணமாகி ஒரு வருசம் இருக்கும் அப்போ. அவ புருசன் தாமோதரன், ஸ்பின்னிங் மில்லுல எலக்ட்ரீசியன். ஒல்லியா, பேச்சே இல்லாத ஆளு. படிக்கட்டுல எதிர்ல வந்தா செவரோட ஒட்டி நின்னு வழி விடுவான். பேசாத ஆம்பளையக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் யோசனைதான். எங்க வீட்டுக்காரரும் வெளியில பேசமாட்டாரு.

எங்க வீட்டுக்காரர் போயி எட்டு வருசமாச்சு. மகன் ஓசூர்ல இருக்கான். ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான், சாப்பிட்டியான்னு கேப்பான், சாப்பிட்டேன்னு சொல்லுவேன், வச்சிருவான். அந்த வீட்ல பேச்சுச் சத்தம்னா டிவிதான். அப்படி இருக்கையில ஒரு பிள்ளை வந்து கதவுல நின்னு, "அக்கா, கொஞ்சம் புளி இருக்கா?"ன்னு கேட்டா எப்படி இருக்கும் சொல்லு. அம்பத்தாறு வயசு எனக்கு. அவ என்ன அக்கான்னா. பெரியம்மான்னோ ஆச்சின்னோ கூப்பிடல. நான் புளியக் குடுத்துட்டு, ரசம் எப்படி வந்துச்சுன்னு கேக்க அரை மணி கழிச்சு நானே போனேன்.

அப்புறம் தினமும்தான். அவன் ஷிப்டுக்குப் போனதும் அவ இங்க, இல்ல நான் அங்க. கீரை ஆயறது, மாவு ஆட்டுறது எல்லாம் ஒண்ணாத்தான். அவளுக்குப் பிரசவம் ஆயி, அம்மா வீட்டுலேருந்து மூணு மாசம் கழிச்சுப் பிள்ளையோட திரும்பி வந்தா. அந்த மூணு மாசம் நான் அவ இல்லாத வீட்டப் பாத்துப் பாத்துக் கதவத் தொறந்து மூடிக்கிட்டு இருந்தேன். வந்ததும் முதல்ல பிள்ளையத்தான் பாக்கணும், இல்லையா? நான் பாத்தது அவ மூஞ்சிய.

வலது கண்ணுக்குக் கீழ, கன்னத்து மேட்டுல, நெத்திப்பொட்டு வரைக்கும் நீலமா. சாம்பல் கலந்த நீலம். முன்னாடி அங்க லேசா கருவளையம் மாதிரி இருக்கும், அவ பவுடர் போட்டு மறைப்பா. இப்போ அப்படி இல்ல. நல்லா தெளிவாத் தெரிஞ்சுச்சு.

"என்ன மேகலா இது?"

"தெரியலக்கா. பிள்ள பொறந்ததுலேருந்து கூடுதலாயிருச்சு. தூக்கமில்லல்ல, அதான் போல."

தூக்கமில்லாம நீலமாகுமா? நான் யாருகிட்ட கேக்குறேன், அவ யாருகிட்ட சொல்றா? அடி வாங்குன மூஞ்சி எனக்குத் தெரியாதா தாயி?

தப்பா நெனச்சுக்காத. எங்க வீட்டுக்காரர் நல்லவர்தான். லாரி புக்கிங் ஆபீஸ்ல வேலை, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. கை நீட்டுவாரு, அவ்வளவுதான். அந்தக் காலத்துல எல்லா வீட்லயும் உள்ளதுதான். இந்தக் காதுகூட அப்படித்தான், ஒரே ஒரு அறை, அதுவும் வேணும்னு அடிக்கல, நான் திரும்பிட்டேன். நேரா நின்னிருந்தா கன்னத்தோட போயிருக்கும். என் மேலயும் தப்பு இருக்கு.

அத விடு. நான் சொல்ல வந்தது என்னன்னா, எனக்கு அந்த நெறமெல்லாம் அத்துப்படி. முதல் நாள் செவப்பா வீங்கும். மூணாம் நாள் நீலம். ஆறாம் நாள் ஓரத்துல பச்சை கட்டும். பத்தாம் நாள் மஞ்சளாயிரும். மஞ்சளாயிருச்சுன்னா ஆறிப்போச்சுன்னு அர்த்தம், ஒரு விசேசத்துக்குப் போயி உக்காரலாம், குங்குமத்த கொஞ்சம் பெருசா வச்சுக்கிட்டா யாருக்கும் தெரியாது. நான் நாள் எண்ணித்தான் கல்யாணம் காட்சிக்கே போயிருக்கேன்.

மேகலா மூஞ்சிய நான் தினமும் பாத்தேன். பத்து நாளாச்சு, பதினஞ்சு நாளாச்சு. மஞ்சளே வரல. சில நாள் வெளிறுனாப்ல இருக்கும், மறுநாள் நல்லா கருநீலமா இருக்கும். அதப் பாத்து நான் என்ன முடிவுக்கு வந்தேன்னா, ஆறுறதுக்குள்ள மறுபடி அடிக்கிறான். ஆற விடவே மாட்டேங்கிறான். பாவி, ஒரே இடத்துல அடிக்கிறான்னு நெனச்சு எனக்கு ராத்திரி சோறு எறங்கல.

இன்னொரு சங்கதியும் இருந்துச்சு. நம்ம மேல அடி விழுந்தா இடது பக்கந்தான் விழும், அவங்க வலது கையில அடிக்கிறதால. இவளுக்கு வலது பக்கம். இது எப்படின்னு எனக்குக் கொழப்பம். ஒரு நாள் எங்க வீட்டு டியூப்லைட் எரியலன்னு தாமோதரன் வந்து பாத்தான். ஸ்டூல் மேல ஏறி ஸ்க்ரூ முடுக்குறான் பாரு, இடது கையில. பீச்சாங்கை ஆளு. அப்ப வலது பக்கந்தானே விழும், கணக்கு சரியாப் போச்சு. லைட்டு எரிஞ்சுச்சு. "வேற எதுவும் வேலை இருந்தா சொல்லுங்கக்கா"ன்னுட்டுப் போனான். நான் ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கல.

அவகிட்ட நேரா கேட்டேன். "அவன் அடிக்கிறானா?" சிரிச்சா. "அவரா? அவரு ஈயக்கூட அடிக்க மாட்டாருக்கா." நானும் அப்படித்தான் சிரிச்சிருக்கேன். எங்க அம்மாகிட்ட, எங்க அண்ணிகிட்ட, பக்கத்து வீட்டுல கேட்டவங்ககிட்ட. அதனாலதான் அந்தச் சிரிப்ப நான் நம்பல.

அப்புறம் பத்துப் போட்டேன். ரத்தக்கட்டுக்குப் போடுவோம்ல, மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சு. எனக்கு நானே போட்டுப் பழக்கம். அவ வேணாம் வேணாம்னா. "இது வலிக்கவே இல்லக்கா, அடிபட்டா வலிக்கும்ல"ன்னா. நான் விடல. சூடா கொழச்சு கன்னத்துல அப்பி, மேல துணிய ஒட்டி, அசையாத பேசாதன்னு உக்கார வச்சேன். கண்ண மூடிக்கிட்டு என் தோள்ல சாஞ்சுக்கிட்டா. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தோம். நான் அன்னிக்கு எவ்வளவு நிம்மதியா இருந்தேன்னு உனக்குச் சொன்னாப் புரியாது.

மறுநாள் காலையில தாமோதரன் ஷிப்டுக்குப் போனப்புறம் நான் அவ வீட்டுக்குப் போயி, செவத்துல இருந்த காலண்டரப் பாத்து நம்பர எழுதிக்கிட்டேன். அவ அண்ணனுக்குக் கம்பம் டவுன்ல உரக்கடை. வருசா வருசம் கடை காலண்டர் குடுப்பாரு, கீழ பெருசா போன் நம்பர் இருக்கும். வீட்டுக்கு வந்து போன் போட்டேன். "உங்க தங்கச்சிய உயிரோட பாக்கணும்னா ஒரு எட்டு வந்து பாருங்க"ன்னு சொன்னேன். என் பேரு, வீட்டு நம்பர் எல்லாம் சொன்னேன். மொட்டைக் கடுதாசி போடுற ஆளு இல்ல நான்.

அன்னிக்குச் சாயங்காலமே வந்துட்டாங்க தாயி. ரெண்டு அண்ணனும், கூட இன்னும் ரெண்டு பேரும் ஒரு கார்ல. மேகலா கதவத் தொறந்தா. அவ மூஞ்சியப் பாத்ததும் பெரிய அண்ணன் அப்படியே செவத்தப் புடிச்சுக்கிட்டாரு. ஏன்னா நீலம் மட்டும் இல்ல, அதுக்கு மேல தோலு செவந்து உரிஞ்சு தண்ணி கோத்திருந்துச்சு. சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கலாப் போச்சு போல. என் தோலு பழகுன தோலு, அவளுது பூஞ்சத் தோலு.

"இல்லண்ணே, இது அவரு இல்லண்ணே"ங்குறா அவ. யாரு கேக்குறா? அந்த நேரம் பாத்து தாமோதரன் டிபன் கேரியரோட படியேறி வர்றான். படியிலயே புடிச்சுட்டாங்க. நாலு பேரு. மூணு மாடி ஜனமும் வெளிய வந்து நின்னுச்சு. அவன் திருப்பிக் கை ஓங்கல. தலைக்குக்கூடக் கைய வைக்கல, கேரியரப் புடிச்சுக்கிட்டே நின்னான். "மேகலா, நான் என்ன பண்ணேன்?"னு மட்டும் கேட்டான். நடிக்கிறான்னு நெனச்சேன்.

உன்கிட்டப் பொய் சொல்லமாட்டேன், எனக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. ஒரு பொண்ணுக்காக நாலு பேரு கார் புடிச்சு வந்துட்டாங்கன்னு. எனக்கும் ரெண்டு அண்ணன் இருந்தாங்க. பொங்கச் சீரு கொண்டு வருவாங்க, சாப்பிடுவாங்க, என் மூஞ்சியப் பாக்காம எலையப் பாத்துக்கிட்டே சாப்பிட்டுட்டுப் போயிருவாங்க. இருபத்தாறு வருசம். எங்க கதவ ஒருத்தரும் வந்து தட்டல.

மகளிர் ஸ்டேஷனுக்குப் போனோம். நானும்தான் போனேன், நான்தானே சாட்சி. அங்க இருந்த எஸ்.ஐ அம்மா காயத்துக்குச் சான்று வாங்கணும்னு ஒரு போலீஸ்காரப் பொண்ணோட எங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சாங்க. டூட்டியில ஒரு டாக்டர் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். மேகலா மூஞ்சிய வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. அழுத்திப் பாத்து, வலிக்குதான்னு கேட்டுச்சு. அப்புறம் கீழ் இமைய வெரலால இழுத்து கண்ணுக்குள்ள டார்ச் அடிச்சுச்சு. வெள்ளை முழியில ஒரு ஓரம் சாம்பல் பூசுனாப்ல இருந்துச்சு. அத நான் அத்தன நாள் பாக்கவே இல்ல.

"இது அடிபட்ட காயம் இல்ல. மச்சம்"னுச்சு அந்தப் பொண்ணு. தோலுக்கு அடியில, ஆழத்துல நெறம் உக்காந்திருக்குமாம், அதான் கருப்பாத் தெரியாம நீலமாத் தெரியுதாம். 'ஓட்டா'ன்னோ என்னமோ பேரு சொல்லுச்சு, கண்டுபிடிச்ச ஜப்பான்காரர் பேராம். சின்னதுலயே லேசா இருக்கும், வயசுக்கு வரும்போதோ பிள்ளைப்பேறு சமயத்துலயோ கூடும், ஒரு நாள் கூடித் தெரியும் ஒரு நாள் கொறஞ்சு தெரியும்னு எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சுச்சு. இங்க, இந்தப் பெரியாஸ்பத்திரியில வியாழக்கிழமை மச்சத்துக்குன்னே பாக்கறாங்க, லேசர் வச்சா நல்லா மங்கும், கண்ணுலயும் பிரஷர் பாத்துக்கணும்னு எழுதிக் குடுத்துச்சு.

அப்புறம் கேட்டுச்சு, "மேல மட்டும் வெந்திருக்கே, என்ன போட்டீங்க?"

நான் முந்தானையச் சரி பண்ணிக்கிட்டு நின்னேன். மேகலா சொன்னா, "நான்தான் டாக்டர், மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டேன்."

என் பேரச் சொல்லல பாரு. அப்படிப்பட்ட பிள்ளை.

ஸ்டேஷன்ல உக்கார வச்சிருந்த தாமோதரன் கையப் புடிச்சு அண்ணன்மாரு அழுதாங்க. அவன் உதடு கிழிஞ்சு வீங்கியிருந்துச்சு. "பரவால்ல மாமா, பரவால்ல"ன்னான். வீட்டுக்குத் திரும்பி வர்ற ஆட்டோவுல எனக்கு இடமில்ல. இடம் இருந்துச்சு, ஆனா யாரும் தள்ளி உக்காரல. நான் பஸ்ல வந்தேன்.

அதுக்கப்புறம் எதிர் வீட்டுக் கதவு எனக்குத் தொறக்கல. நான் பாயாசம் வச்சுக் கொண்டுபோயித் தட்டுனேன். உள்ள பிள்ளை சத்தம் கேக்குது, கதவு தொறக்கல. ஒரு மாசத்துல வீட்டக் காலி பண்ணிட்டாங்க. சாமான் ஏத்துற அன்னிக்கு நான் கதவத் தொறந்து வச்சுக்கிட்டே நின்னேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டே எறங்கிப் போனா.

ஒரே ஒரு தடவ அவ அக்கான்னு கூப்பிட்டாப் போதும்னு இருந்துச்சு எனக்கு. எங்க போயித் தேடுறது? வியாழக்கிழமைங்குறது ஞாபகம் வந்துச்சு. லேசருக்கு அவ எந்த வியாழன் வருவாளோ, எனக்கு எப்படித் தெரியும்? அதனால எல்லா வியாழனும் வந்தேன். காலையில ஆறு மணி பஸ்.

ரெண்டு ரெண்டரை மாசத்துக்கு ஒருக்கா வருவா. மரத்துப்போக களிம்பு பூசி ஒரு மணி நேரம் உக்கார வைப்பாங்க, அந்தா அந்த பெஞ்சுல. அப்புறம் கண்ணுக்கு மூடி வச்சு உள்ள கூட்டிட்டுப் போவாங்க. ரப்பர் பேண்ட இழுத்துச் சுண்டுறாப்ல இருக்குமாம், இங்க வர்ற பொண்ணுங்க சொல்லுவாங்க. வெளிய வரும்போது ஐஸ் வச்சுக்கிட்டு, துப்பட்டாவால வெயில் படாம மூடிக்கிட்டுப் போவா. அவன் உள்ள வரமாட்டான். கேட் பக்கத்துல வேப்பமரத்தடியில பிள்ளைய வச்சுக்கிட்டு நிப்பான். நான் எந்திரிச்சு நிப்பேன். அவ என்னப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி போயிருவா. ஆறு தடவ அப்படிப் போனா. ஒவ்வொரு தடவையும் நெறம் கொறஞ்சுகிட்டே வந்துச்சு. அது மட்டும் தூரத்துலேருந்தே எனக்குத் தெரிஞ்சுச்சு.

ஏழாவது தடவ, வெளிய வந்தவ நேரா என்கிட்ட வந்தா. நீ உக்காந்திருக்கிற இடத்துலதான் உக்காந்தா. கன்னத்துல லேசர் வச்ச செவப்பு மட்டும்தான், நீலம் சுத்தமா இல்ல, நம்ம எல்லாரு கன்னம் மாதிரி.

"எதுக்குக்கா வாரம் தவறாம வர்றீங்க? நர்சம்மா சொன்னாங்க."

"உன்னப் பாக்கத்தான்."

"இன்னியோட எனக்கு லேசர் முடிஞ்சிருச்சு. இனிமே இங்க வரமாட்டேன். நீங்க அலையாதீங்க."

மன்னிப்புக் கேக்கணும்னுதான் தாயி ஒன்றரை வருசமா பஸ்ல மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். வாயத் தொறந்தா வேற வந்துச்சு. "மச்சம்தான், சரி, ஒத்துக்கிறேன். இருந்தாலும் அக்காகிட்ட உண்மையச் சொல்லு. அவன் ஒரு தடவகூடவா கை நீட்டல?"

அவ கோவப்படல. கோவப்பட்டிருந்தாகூடத் தேவல. என் பக்கமாத் திரும்பி உக்காந்தா. அப்புறம் மெதுவாச் சொன்னா.

"தினமும் மில்லுக்குப் போறதுக்கு முன்னாடி அவரு என் கன்னத்தத் தொட்டுட்டுத்தான் போவாருக்கா. நீலமா இருந்த இந்தக் கன்னத்தத்தான். அசிங்கமா இருக்குன்னு நான் அழுவேன், அதுக்காகவே அங்க தொடுவாரு. அன்னிக்குப் படிக்கட்டுல நடந்ததுக்கப்புறம் தொடறதே இல்ல. வீட்டுக்குள்ள, யாருமே இல்லாதப்பகூட இல்ல. பிள்ளையத் தூக்குறதுக்கே யாரும் பாக்குறாங்களான்னு பாத்துட்டுத்தான் தூக்குறாரு. லேசர் வச்சா சரியாயிரும்னு நெனச்சேன். மச்சம் போயிருச்சு. அவரு கைய நான் எந்த ஆஸ்பத்திரியில காட்டுறது, அக்கா?"

சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. மரத்தடியில அவன் நின்னான், இவ கிட்டப் போனதும் பிள்ளைய இவ கையில குடுத்துட்டு ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டான். நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.

அது நடந்து ஏழு வாரம் ஆச்சு. ஆமா, அவ வரமாட்டாதான். எனக்குத் தெரியும். நீ கேக்குறது சரிதான். ஆனா வியாழக்கிழமை நான் வேற எங்க போறது? இங்கயாவது யாராவது பிள்ளையோட வந்து பக்கத்துல உக்காருறாங்க.

அவ மூணு தடவ அக்கான்னு சொன்னா அன்னிக்கு. எண்ணிப் பாத்தேன். ஆனா அத நெனச்சு சந்தோசப்பட முடியல தாயி. அவ சொன்னதுல ஒண்ணு எனக்கு வெளங்கவே இல்ல. ஏழு வாரமா அதையே யோசிக்கிறேன். ஆம்பள கை மூஞ்சிக்குக் கிட்ட வந்தா எனக்குக் கண்ணு தானா இறுக்கி மூடிக்கும். இங்க டாக்டர் தம்பி நெத்தியில தொட்டுப் பாக்க வந்தாக்கூட மூடிக்கும், அவரு சிரிப்பாரு. இவ என்னடான்னா அந்தக் கை வரலன்னு அழுகுறா. யாருகிட்டயும் கேக்கவும் வெக்கமா இருக்கு.

உன்கிட்ட கேக்கலாம்தானே? தப்பா எடுத்துக்காத. செத்த முன்னாடி உன் வீட்டுக்காரர் சீட்டு வாங்கப் போறப்ப உன் கன்னத்துல கைய வச்சுட்டுப் போனாரு. நான் பாத்தேன். என்ன ஒட்டியிருந்துச்சு, பவுடரா?

ஒண்ணுமே ஒட்டலையா? அப்போ எதுக்குத் தொட்டாரு?